கம்பத்தில் பட்ட பந்து

அன்பு மகனுக்கு,

ஒரே புள்ளியில் லீக் பட்டம் போனது. கோப்பையும் இறுதி ஆட்டத்தில் போனது. கடைசிப் போட்டியில் நீ அடித்த பெனால்டி கோல் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அதற்காகப் போனை அணைத்துவிட்டு லிவோர்னோவில் நண்பன் வீட்டில் ஒளிந்துகொள்வதா?

மீன்கடை எர்மேதே நேற்று எல்லார் முன்னாலும், "உங்க பையனுக்கு வலை கண்ணுக்குத் தெரியலையாக்கா? நான் வேணா ஒண்ணு தரட்டுமா?" என்று சிரித்தான். கூட வந்த உன் அப்பா அவன் சட்டையைப் பிடித்துவிட்டார்.

"என் பையன நான் திட்டுவேன், நீ யாருடா?"

மைதானத்தில் உன்னை வாய் கிழியத் திட்டியவரும் இவரேதான்! இனி அந்தக் கடையில் எங்களுக்கு மீன் கிடையாது. இறைச்சி தொடாத வெள்ளிக்கிழமையும் பீன்ஸ்தான்.

இதில் தினமும் மூன்று தட்டு வைக்கச் சொல்கிறார். யாருக்கென்று கேட்டால் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொள்கிறார். எனக்குப் பொறுமை போய்விட்டது.

ஞாயிறு மதியம் லசான்யா செய்கிறேன். ஆறிவிட்டால் நன்றாயிருக்காது.

அம்மா