தம்பியின் ஆஸ்துமா பம்ப்

செவ்வாய், இரவு.

நேற்று, எங்கள் கிள்ளானுக்குப் பக்கத்தில் இருக்கும் மேருவில், தம்பி வேலை செய்யும் தொழிற்சாலை வாசலில், போலீஸ் நாலு பேரைப் பிடித்துக்கொண்டு போனது. அவனும் அதில் ஒருவன். எந்த ஸ்டேஷன் என்று யாருக்கும் தெரியவில்லை.

காலையில் முட்டாள்தனமாகப் போனில் தேடினேன். கைதானவர்கள் பட்டியல் படத்தோடு வந்தது. எல்லாம் அமெரிக்கா. யார் பெற்ற பிள்ளைகளோ, தூங்காத முகங்கள். இங்கே மலேசியாவில் அப்படிப் பட்டியல் கிடையாது, நேரில் போய்த்தான் கேட்க வேண்டும்.

அவனுடைய ஆஸ்துமா பம்ப் சமையலறை மேசையிலேயே கிடந்தது. அவன் பெயரையும் அடையாள அட்டையிலுள்ள ஐசி நம்பரையும் ஒரு துண்டுத்தாளில் எழுதி அதில் ஒட்டி, எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

இரண்டு ஸ்டேஷனில் அந்தப் பெயரில் யாரும் இல்லை என்றார்கள். மூன்றாவதில் கவுண்டரில் ஒரு தமிழ் போலீஸ்காரர்.

"விசாரணை நடக்குது அக்கா. உள்ள யாரு இருக்கான்னு நான் சொல்ல முடியாது லா."

"சொல்ல வேணாம் அண்ணே. அவனுக்கு மூச்சு இழுக்கும். இத மட்டும் வெச்சுக்கிறீங்களா?"

ஒட்டியிருந்த பெயரை வெகுநேரம் பார்த்தார்.

"எத்தன தடவ அடிக்கணும்?"

"ரெண்டு."

பம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

"வீட்டுக்குப் போங்க. மொதல்ல சாப்பிடுங்க."

கிள்ளான் வரும்வரை பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். அம்மாவிடம், தம்பி இருக்கும் இடம் தெரிந்துவிட்டது என்றேன்.

"யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை.