பிடியரிசிக் கூழ்

உரும்பிராய்,
ஐப்பசி, ஞாயிறு பின்னேரம்.

ஆண்டவரின் இரக்கத்தால் சுகமாக இருப்பாய் என்று நான் நம்பியிருக்கும் அன்புத் தங்கச்சி றொசாந்திக்கு,

நேசமலர் அக்கா எழுதுவது. இங்கே நாங்கள் சுகம். நீயும் மகள் நிவேதனாவும் மருமகனும் சுகமாக இருக்கவேண்டும் என்று மன்றாடுகிறேன். உங்கள் எல்லாரையும் விட முக்கியமாக அந்தச் சின்னக் குட்டி. பல்லு வந்த படம் பார்த்தேன். கிறகோரியின் சிரிப்பு அப்படியே வந்திருக்கிறது. உன் மனுசன் அந்தச் சிரிப்பை வீணாக்காமல் பேரனுக்குக் கொடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்.

ஏன் இந்தக் காலத்தில் கடிதம் என்று யோசிப்பாய். வட்ஸ்அப்பில் சொன்னால் நீ கும்பிடுகிற இரண்டு கையை அனுப்பிவிட்டு அலுவல் பார்க்கப் போய்விடுவாய். இந்தச் செய்திக்குக் கும்பிட்ட கை காணாது. தேத்தண்ணி ஒன்று ஊற்றிக்கொண்டு வந்து ஆறுதலாக இருந்து வாசி.

எங்கள் வடபகுதி லுத்தரன் மாதர் ஊழியச் சங்கத்தின் விஷயம்தான். நீ நிவேதனாவின் பிள்ளைப்பேற்றுக்கு என்று ஜேர்மனிக்குப் போனாய். பிறகு போன தையில் போன் எடுத்து, "நான் இனி வரமாட்டன் அக்கா. அவர் இல்லாத வீட்டுக்குத் திறப்பைப் போட்டுத் திறக்க எனக்கு ஏலாது. தலைவிப் பதவியிலை இருந்தும் அங்கத்தவர் பட்டியலிலை இருந்தும் என்ரை பேரை எடுத்துவிடுங்கோ" என்று அழுதாய். நான் சரி என்று சொல்லி வைத்தேன். சரி என்று சொன்னதற்கு மேலே ஒன்றும் செய்யவில்லை. அதைப் பிறகு எழுதுகிறேன்.

நீ இல்லாமல் போனபின் தலைவியாக வர ஒருவரும் இல்லை. எனக்குச் செயலாளர் வேலையே தலைக்கு மேலே. பருத்தித்துறைக் கிளையில் கேட்டால் வயதைச் சொல்கிறார்கள். மருதனார்மடத்துச் சுபாஜினியைக் கேட்டோம். உனக்குத் தெரியுமே, மருத்துவிச்சி வேலை பார்க்கிற பிள்ளை, ஸ்கூட்டியில் வந்து ஜெபம் முடியும்வரை ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு இருப்பாள். அவள் ஒரே போடாகப் போட்டாள். "அன்ரி, எனக்கு வீடு வீடாய்ப் போய்ப் பிள்ளைத்தாச்சிமாரைப் பாக்கவே நேரம் காணாது. உந்த அரிசிப் பேணியளையும் காவச் சொல்லுறியளோ? பேசாமல் ரவுண் மாதர் சங்கத்தோடை சேந்திடுவம்" என்றாள். சொன்னதில் ஞாயம் இருந்ததால் எனக்கு இன்னும் கோபம் வந்தது. ஒரு கிழமை அவளோடு கதைக்கவில்லை. அவள் அதைக் கவனிக்கவும் இல்லை.

கடைசியில் தீர்மானம் அப்படியே ஆனது. சங்கத்தின் ஆண்டு விழாவன்று நன்றி ஆராதனை வைப்பது, அதோடு சங்கத்தை மூடி, பட்டணத்து ரவுண் சங்கத்திடம் ஒப்படைப்பது. அந்த விழாதான் நேற்று நடந்தது.

மூடுவதென்றாலும் வடிவாக மூடவேண்டும் என்று நான் ஒரு யோசனை சொன்னேன். கடைசியாகச் சேரும் பிடியரிசியை வழக்கம்போல் மா அரைக்க ஆலைக்கு அனுப்பாமல், சோறாகக் காய்ச்சி, வந்தவர்கள் எல்லாரும் ஒன்றாக இருந்து சாப்பிடுவோம் என்றேன். எல்லாரும் தலையாட்டினார்கள். இரண்டு பேர் கண்ணைக்கூடத் துடைத்தார்கள். அவ்வளவு பெண்கள் இருந்தோம், எல்லாரும் அடுப்படியில் பாதி ஆயுளைக் கழித்தவர்கள். ஒருத்திக்காவது மூளை வேலை செய்யவில்லை என்பதை நினைக்க எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது.

விழாவன்று காலையில் வழக்கம்போல் பெயர் கூப்பிட்டோம். கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருத்தியும் "ஸ்தோத்திரம்" என்று எழும்பி வந்து வீட்டில் பிடியரிசி சேர்த்த தன் தகரப் பேணியைப் பெரிய ஓலைக் கடகத்தில் கொட்டினாள். ஒரு வீட்டில் சிவப்புப் பச்சையரிசி, இன்னொரு வீட்டில் புழுங்கல், ஒருத்தி சம்பா, கூட்டுறவுச் சங்கக்கடை வெள்ளையரிசி ஒருத்தி. கடகம் பார்க்கக் கொள்ளை வடிவு. அதைக் கழுவி, எங்கள் லுத்தரன் கோயிலுக்குப் பின்னால் மூட்டியிருந்த அடுப்பில் பெரிய கிடாரத்தில் போட்டுவிட்டு ஆராதனைக்குப் போய்விட்டோம்.

ரவுண் சங்கத்து அம்மாமார் எல்லாரும் ஒரே கரை வைத்த வெள்ளைச் சேலையில் முன்வாங்கில் இருந்தார்கள். தலைமைப் போதகரும் வந்திருந்தார். சங்கத்தின் வரலாறு சொல்லுகிற நேரம் வந்தது. எப்போதும் நீ சொல்லுகிறது, சொல்லும்போது ஒரே இடத்தில் அழுகிறது. இந்த முறை நான். மைக்கைக் கண்டதும் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. உன்னை நினைத்துக்கொண்டு தொடங்கினேன்.

சபைச் சங்கத்து ஆண்கள், ஊழியத்துக்குக் கொடுக்கப் பெண்களிடம் என்ன இருக்கிறது என்று கேட்டதையும், சங்கத்தைத் தொடங்கிவைத்த அன்னப்பிள்ளை ரீச்சர் எழும்பி, "காசு உங்கடை கையிலை, அரிசிப் பானை எங்கடை கையிலை" என்றதையும் சொன்னேன். அன்றிலிருந்து உலையில் அரிசி போடும்போதெல்லாம் ஒரு பிடி பேணிக்குள் போனது. முதன்முதல் சேர்ந்த அரிசி பருத்தித்துறையில் ஒரு சைவ வீட்டுக்குப் போனது. புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை, மனைவி பிள்ளை பெற்ற பச்சை உடம்போடு கிடந்தாள். அவள் எங்கள் சபையில் சேருவாளா என்று அந்தக் காலத்துப் போதகர் கேட்க, "அவளுக்கு இண்டைக்குப் பசி, ஐயா" என்றாராம் ரீச்சர். முன்வாங்கில் இருந்த வெள்ளைச் சேலைகள் சிரித்துவிட்டன.

பிறகு சண்டைக்காலத்து இடம்பெயர்வு. ஊரே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது, ஒரு குமர்ப்பிள்ளை தன் உடுப்புப் பையை வழியில் போட்டுவிட்டுச் சங்கத்துக் கடகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு வந்ததைச் சொன்னேன். நாங்கள் அகதியாகத் தங்கின கொடிகாமத்துப் பள்ளிக்கூடத்தில், நிவாரணத்துக்குக் கிடைத்த அரிசியிலும் ஒரு பிடி எடுத்து அதே கடகத்தில் போட்டோம் என்றேன். அந்தப் பிள்ளையின் பெயர் றொசாந்தி என்றேன். நீ வழக்கமாக அழுகிற இடம் இதுதான். உன் பெயரை நீ ஒருநாளும் சொன்னதில்லை, நான் சொல்லிவிட்டேன். நானும் அழுதேன். அதற்குப் பிறகு மைக் பயம் இல்லை.

ஆசீர்வாதம் முடிந்து பின்னால் போய்க் கிடாரத்தைத் திறந்தோம். ஐயோ றொசாந்தி, நீ இருந்திருக்கவேண்டும். பச்சையரிசி கரைந்து பசையாகிவிட்டது. புழுங்கல் அதற்குள் கல்லுக் கல்லாக நிற்கிறது. அகப்பையைக் குத்தினால் அகப்பை விழாமல் நின்றது. இத்தனை வருஷமும் அந்த அரிசி பஞ்சலிங்கத்தாரின் ஆலைக்குப் போய் மாவாக வந்து, பிள்ளை பெற்ற வீடுகளுக்குப் பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் போனதல்லவா? கலப்பரிசியை ஒருநாளும் நாங்கள் சோறாகக் காய்ச்சிப் பார்த்ததில்லை. விருந்தாளியாக வந்திருந்த பஞ்சலிங்கத்தார் எட்டிப் பார்த்துவிட்டு, "அப்ப இவ்வளவு காலமும் நான் ஏன் மா அரைச்சுத் தந்தனான் எண்டு நினைச்சனியள்?" என்று கேட்டார். மண்டபத்திலே வாழையிலை போட்டாகிவிட்டது, தலைமைப் போதகர் கையும் கழுவிவிட்டார். எனக்கு அந்தக் கிடாரத்துக்குள் குதிக்கலாம் போல இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் பருத்தித்துறை வான் வந்தது. குழம்பு வைக்க மீன் கொண்டுவருகிறோம் என்று சொன்னவர்கள், அவ்வளவு நேரமும் சந்தையில் நின்றிருக்கிறார்கள். தங்கமுத்து அக்கா முன்னால் இறங்கி வந்தா. அவவை மறந்திருக்கமாட்டாய். சைவக் கோயில் திருநீறு நெற்றியில் இருக்கும், ஆனால் எங்கள் கிளைக்கு அவவின் பிடியரிசி ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. அவவுடைய முதல் பிள்ளைக்கு எங்கள் மா போனதாம், அந்த நன்றி. அகப்பையை வாங்கி ஒரு கிண்டு கிண்டினா. பிறகு, "உதுக்கேன் ஆளாளுக்குச் செத்தவீட்டு முகம்? உது சோறில்லை, பிள்ளையள். உது கூழ். உதுக்கு அது தெரிஞ்சிருக்கு, உங்களுக்குத்தான் தெரியேல்லை" என்றா.

அதற்குப் பிறகு நடந்ததை எழுத எனக்குக் கை ஓடவில்லை. வானில் இருந்து நண்டும் இறாலும் திருக்கைத் துண்டும் இறங்கின. உரும்பிராய்க் கிளை மரவள்ளிக்கிழங்கும் பயத்தங்காயும் வெட்டியது. சுபாஜினி சந்திச் சந்தைக்கு ஸ்கூட்டியில் பறந்து பலாக்கொட்டையும் முருங்கையிலையும் கொண்டுவந்தாள். பஞ்சலிங்கத்தார் போன் அடித்து ஆலையில் இருந்து பனங்கிழங்கு காயவைத்து அரைத்த ஒடியல் மா எடுப்பித்தார். ரவுண் சங்கத்துத் தலைவி அம்மா முதலில் சேலையைப் பிடித்துக்கொண்டு தூரத்தில் நின்றவ, கொஞ்ச நேரத்தில் பார்த்தால் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு செத்தல் மிளகாய் அரைக்கிறா. புளி கரைத்து ஊற்றினதும் எழும்பின வாசத்துக்கு றோட்டால் போனவர்கள் சைக்கிளை நிறுத்தினார்கள்.

வாழையிலையில் கூழ் நிற்குமோ? மிஷன் வீட்டுத் தேத்தண்ணிக் கோப்பை, தேங்காய்ச் சிரட்டை, பேணி, கிடைத்ததில் எல்லாம் ஊற்றிக் குடித்தோம். அரிசிப் பேணிகளே கோப்பையாகிவிட்டன. தலைமைப் போதகருக்கு மூக்காலும் கண்ணாலும் ஓடுகிறது, ஆனால் கோப்பையை மட்டும் நீட்டிக்கொண்டே இருக்கிறார். சமயம், சாதி, கிளை ஒன்றும் தெரியாமல் எல்லாரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்த சிரிப்பு இந்தக் கோயில் வளவில் நான் கேட்டு எவ்வளவு காலம்.

அயலில் இருந்து சுபாஜினி பார்க்கிற பிள்ளைத்தாச்சிப் பெண் ஒருத்தியும் வந்திருந்தாள். சாப்பாட்டு மணமே ஒத்துவராது என்று மாதக்கணக்காக ஒன்றும் தின்னாமல் சுபாஜினிக்குத் தலையிடி கொடுக்கிறவள். அவள் ஒரு மூலையில் இருந்து மூன்றாம் தரம் சிரட்டையை நீட்டுகிறாள். சுபாஜினி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அகப்பையும் கையுமாக எல்லாருக்கும் முன்னால் வந்து, "உறைப்பைக் குறைச்சு, முருங்கையிலையைக் கூட்டி, மாசம் ஒருக்கால் உந்தக் கூழைக் காய்ச்சினால் என்ன? மூண்டு ஊரிலையும் காய்ச்சலாம். நான் பாக்கிற ஆக்கள் எல்லாரையும் கூட்டிவாறன். மாவைக் குடுத்திட்டு வந்தால் அதை ஆர் தின்னினமெண்டு எங்களுக்குத் தெரியாது. இதெண்டால் கண்ணுக்கு முன்னாலை குடிக்கினம்" என்றாள். அதற்கு அரிசி வேணுமே என்று நான் மெதுவாகக் கேட்டேன். பேணிகள் இருக்குத்தானே என்றாள். ஆர் நடத்துகிறது என்று தங்கமுத்து அக்கா கேட்டா. எல்லாரும் சுபாஜினியையே பார்த்தோம். "ஐயோ, நான் அதைச் சொல்லேல்லை" என்று பின்னுக்குப் போனாள். பின்னுக்குக் கிடாரம் இருந்தது, போக இடமில்லை.

நான் அந்த இடத்திலேயே அவளைக் கட்டிப்பிடித்து மன்னிப்பும் கேட்டேன். எதற்கென்று அவளுக்கு விளங்கவில்லை. தலைமைப் போதகரும், இந்தக் கூழைக் குடித்த வாயால் சங்கத்தை மூடச் சொல்ல எனக்கு மனம் வராது என்றார். அப்படியானால் நாங்கள் எதைப் பொறுப்பெடுத்துக்கொண்டு போகிறது என்று ரவுண் தலைவி அம்மா சிரித்துக்கொண்டு கேட்டா. தங்கமுத்து அக்கா ஒரு வாளி நிறையக் கூழைக் கொடுத்து அனுப்பிவிட்டா.

ஆகவே உனக்கு உத்தியோகபூர்வமாக அறியத் தருவது: சங்கம் மூடப்படவில்லை. தலைவி சுபாஜினி. நீ கேட்டபடி உன் பெயரைத் தலைவிப் பதவியில் இருந்து எடுத்தாகிவிட்டது. இனி அந்தப் பாரம் உனக்கு இல்லை.

அங்கத்தவர் பட்டியலில் இருந்து மட்டும் எடுக்கவில்லை. நீ சொல்லியும் நான் எடுக்கவில்லை. நீ போகும்போது வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லித் திறப்பைத் தந்துவிட்டுப் போனாய். உன் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்த பிடியரிசிப் பேணியை, நீ போனில் அழுத அடுத்த நாளே, என் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். உலை வைக்கிற நேரமெல்லாம் என் பேணிக்கு ஒரு பிடி, உன் பேணிக்கு ஒரு பிடி. கூட்டங்களில் உன் பெயரும் கூப்பிடப்படும். நான் எழும்பி "ஸ்தோத்திரம்" சொல்லிக் கொட்டுவேன். ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை. நேற்றுக் காலையும் அப்படித்தான். நீ அழுத அன்று தொடக்கம் இன்றுவரை, றொசாந்தி, நீ ஒரு கூட்டத்துக்கும் வராமல் விட்டதில்லை. அந்தக் கூழிலும் உன் அரிசி இருந்தது.

உன் வீடு சுகம். கிழமைக்கு ஒருதரம் திறந்து கூட்டி, யன்னல்களைத் திறந்துவிட்டு வருகிறேன். முதல் தரம் திறக்க எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது, முற்றத்தில் நின்று அழுதேன். இப்போது பழகிவிட்டது. கிறகோரி வைத்த எலுமிச்சை காய்த்துக் கொட்டுகிறது. ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறேன்.

முதல் கூழ் மார்கழியில், நத்தார்ப் பெருநாளுக்கு முந்தின கிழமை. நிவேதனாவோடு சண்டை பிடிக்காமல் கேட்டுப் பார். குட்டியையும் கொண்டு வரலாம், உறைப்பில்லாத கூழ் அவனுக்கும் இறங்கும். கதவை நான் திறந்துவிடுகிறேன். நீ எனக்குப் பின்னால் வந்தால் போதும்.

ஒரு முறைப்பாடும் இருக்கிறது. உன் கை பெரியது, என் கை சின்னது. உன் பேணி ஒருநாளும் சரியாக நிரம்புவதில்லை. வந்து நீயே போடு.

உன்னைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்த ஆண்டவர், பத்திரமாகக் கொண்டுவந்தும் சேர்ப்பாராக.

இங்ஙனம்,
உன் பேணியையும் பார்த்துக்கொண்டிருக்கும்
நேசமலர் அக்கா