தோளில் ஒட்டியிருந்த வெள்ளை

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் சௌக்கியம். நீ எப்படி இருக்கிறாய்? வழக்கத்துக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன்.

பாஸ்போர்ட்டுக்காக நீ அனுப்பிய பாப்பா படத்தை நேற்று ஸ்டுடியோவில் மற்றக் குழந்தைகளின் படங்களோடு சேர்த்துக் கம்ப்யூட்டரில் போட்டேன். செய்யவேண்டிய வேலையை அதில் ஒருமுறை பதிந்து வைத்திருக்கிறேன். பட்டனைத் தட்டினால் போதும், கம்ப்யூட்டரே ஒவ்வொரு படத்துக்கும் மாஸ்க் என்கிற மறைப்பைப் போட்டுக் குழந்தையை மட்டும் வைத்துக்கொண்டு, பிடித்திருக்கும் அம்மாவின் கை உட்பட மற்றதையெல்லாம் மறைத்துவிடும். நான் டீ குடிக்கப் போய்விட்டேன்.

திரும்பி வந்தால் பக்கத்து சீட்டுக்காரர் சிரிக்கிறார். "என்னப்பா, உன் பொண்ணுக்கு றெக்க மொளச்சிருக்கு!"

பாப்பாவின் தோளோரம் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. அவளுடைய வெள்ளைச் சட்டையோடு அதையும் சட்டை என்றே நினைத்துவிட்டது அந்த மக்கு மெஷின். அழிக்கலாம் என்று மாஸ்க்கை விலக்கிப் பெரிதாக்கினேன். தூக்கிவாரிப் போட்டது. மாவுக்கட்டு! அதன் நுனியில், மச்சம் உள்ள உன் கட்டைவிரல்.

"இங்க எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம்" என்று இத்தனை நாளும் வீடியோ காலில் முகத்தை மட்டும் காட்டிப் பேசினாயே, இதற்குத்தானா? எப்போது விழுந்தாய்? ஒற்றைக் கையால் பாப்பாவை எப்படிக் குளிப்பாட்டுகிறாய்? கோபமில்லை. இல்லை, கோபம்தான். போனில் கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

உன் அக்காவைக் கொஞ்ச நாள் வந்து இருக்கச் சொல். குடம் தூக்காதே. பாப்பா படத்தைச் சரிசெய்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். உன் கையை நானே அழிக்கவேண்டி வந்தது.

முதலாளி கூப்பிடுகிறார். அடுத்த முறை பேசும்போது முதலில் கையைக் காட்டு. முகத்தை அப்புறம் பார்த்துக்கொள்கிறேன்.

பாப்பாவின் அப்பா