தலையணையின் அடிப்பக்கம்

இன்று காலை மகனின் பாயைச் சுருட்டுகையில், முத்துக்குளிப்பவர் காதில் அடைக்கும், எண்ணெயில் தோய்த்த பஞ்சின் மணம் எழுந்தது. தலையணையைப் புரட்டினேன். அடிப்பக்கத்தில் செந்நிறக் கறை. என் எழுத்து நேராக நிற்க மறுக்கிறது, பொறுத்தருள்க.

என்னவரே, நீங்களும் கறையை மறைக்க அப்படித்தான் புரட்டிப் போடுவீர்கள். தங்கையை விதவையாக்க எவனுக்கும் மனம் வராதென்று, முத்துக்குளிப்பவரின் கயிற்றை மனைவியின் சகோதரனிடமே கொடுப்பது நம் வழக்கம். உங்கள் கயிற்றைப் பிடித்த என் அண்ணன், நம் அரிப்பு ஊரின் கரையில் வள்ளம் தட்டியதும் என் முன்னாலேயே சொன்னார்.

"மச்சான், காதால ரத்தம் வருது. நாளைக்கு இறங்காதேங்கோ."

"காது திறந்திட்டுது மச்சான். இனிக் கடலும் கதவைத் திறக்கும்!" என்றீர்கள். செவிப்பறை கிழிந்தால் ஆழத்தில் வலிக்காதென்பது குளிப்பவர் நம்பிக்கை.

"பூனை கண்ணை மூடினால் பூலோகம் இருண்டு போகுமோ?" என்றேன்.

"பள்ளிக்கூடம் போகாத பண்டிதர் வாய் திறந்திட்டா! அந்தப் பழமொழி எங்கயிருந்து வந்ததெண்டு சொல்லும் பாப்பம்" என்று என்னைச் சீண்டினீர்கள்.

தானே எழுத்துக்கூட்டிக் கற்ற எனக்கு விடை தெரியாதது உறுத்தியது. மறுநாள் நீருக்குள் உங்களுக்குத் தலை சுற்றியிருக்க வேண்டும். மேலே இழுக்கச் சொல்லிக் கயிறு அசையவேயில்லை. அண்ணன் இழுத்தெடுத்தது உங்கள் உடலைத்தான்.

விடையை நெடுநாளுக்குப் பின் என் அடுப்படியில் கண்டேன். திருட்டுப் பால் குடித்த பூனை கண்களை மூடியிருந்தது. ஆயினும் அதன் காதொன்று என் காலடி நோக்கித் திரும்பியிருந்தது. நான் வருவதை அது அறியும். பாலின் இனிமை அதை ஒப்புக்கொள்ள விடவில்லை. பழமொழி பிறந்த இடம் அதுவே என்பது என் துணிபு. அது அறியாமையைப் பழிப்பதன்று, அறிய மறுத்தலைப் பழிப்பது. உங்களுக்குக் கடலடி அவ்வளவு இனித்தது.

இப்போது மகனுக்கும் இனிக்கிறது. "ஒண்டுமில்லையம்மா, வெத்திலைக் கறை" என்றான். அவன் வெற்றிலை தொட்டதேயில்லை. நாளை விடியலில் வள்ளம் புறப்படும்.

அவனது கயிற்றைப் பிடிப்பவன் மருமகளின் அண்ணன். கடற்கரையில் வள்ளத்தருகே நிற்கிறான். அவன் கயிற்றைத் தொட மறுத்தால் என் மகன் இறங்க இயலாது. மறுப்பானா? அறியேன். தலையணையை எடுத்து, கறை மேலே தெரியும்படி மடியில் வைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன்; முடிந்ததும் கடற்கரைக்குப் புறப்படுவேன்.

"ஐயோ மாமி, அதை மூடிக்கொண்டு போங்கோ. சனம் பாக்கும்!" என்று மருமகள் பதறுகிறாள்.

"பாக்கட்டும் பிள்ளை. அதுக்குத்தான் கொண்டு போறன்."