நாற்காலியை விட்டு இறங்கு, குழலி

என் செல்லக் கோபக்காரி குழலிக்கு,

உன் படத்தை நேற்று நாற்காலியிலிருந்து இறக்கிவிட்டேன். பள்ளிக்கூடமே என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறது. வீட்டில் உன் அண்ணன் முகம் கொடுத்துப் பேசவில்லை, சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார். அவர் படிக்கவும்தான் இதை எழுதுகிறேன். ஊரும் படிக்கட்டும்.

நீ போன பிறகு உன் நாலாம் வகுப்பை என்னிடம் கொடுத்தார்கள். நாத்தனாரும் மதினியுமாக ஒரே பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவர்கள் நாம். நான் எடுப்பதுதான் முறை என்று எல்லோரும் சொன்னார்கள். உள்ளே போனால் கரும்பலகைக்குப் பக்கத்தில், அந்த நீல நாற்காலியில், கண்ணாடிச் சட்டத்துக்குள் நீ சிரித்துக்கொண்டிருக்கிறாய். பிளாஸ்டிக் மாலை, சின்னதாக ஒரு சிவப்பு பல்பு. பிள்ளைகள் உன்னைக் கும்பிட்டுவிட்டுத்தான் உட்கார வேண்டுமாம்.

யாருடைய நாற்காலி அது? நீ ஒரு நாளாவது அதில் உட்கார்ந்திருப்பாயா? கதையில் வருகிறவர்கள் உட்காரும் இடம் அல்லவா அது? ஒரு பிள்ளை ராஜாவாக உட்காரும், ஒன்று ஆடாக உட்காரும். மற்ற பிள்ளைகள் எழுந்து, ஏன் பொய் சொன்னாய், யாருக்குப் பயந்தாய் என்று கேட்பார்கள். பதில் வந்ததும் விட்டுவிட மாட்டாய். “கதையில எங்கன இருக்கு? விரல வச்சுக் காட்டு” என்பாய். அதற்குப் பிறகுதான் பென்சிலைத் தொட விடுவாய்.

உன் நினைவுக் கூட்டத்தில் தலைமையாசிரியை மைக்கைப் பிடித்து, “அன்பானவர், பொறுமையானவர், அதிர்ந்து பேசாதவர்” என்றார். நீயா அதிர்ந்து பேசாதவள்? நீ போடும் சத்தத்தில் வராந்தாவில் இருக்கும் குரங்கு கூட இறங்கி ஓடும். யாரைப் பற்றிப் பேசுகிறார் என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. இப்போது பிள்ளைகளும் கதையில் வருகிறவர்களைப் பற்றி அதே மாதிரி, சொல்லிக்கொடுத்ததைத்தான் எழுத வேண்டியிருக்கிறது. ஆய்வுக்கு ஆள் வரும்போது எல்லா நோட்டும் ஒன்றுபோல இருக்க வேண்டுமாம்.

இந்த மாதம் ஒரு கதை. அருவிக்கரையில் பழக்கடை. பசியோடு குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த குரங்கு ஒரு பழத்தை எடுக்கிறது. கடைக்காரர் கல்லை எறிகிறார். தலைமையாசிரியையே வந்து பலகையில் எழுதிப் போட்டார்: கடைக்காரர் கொடியவர். குரங்கு பாவம்.

முப்பிடாதியை உனக்குத் தெரியும். அவள் அப்பா சீசனில் மெயின் அருவிப் பக்கம் ரம்புட்டானும் மங்குஸ்தானும் விற்கிறவர். அவள் மட்டும் பலகையைப் பார்க்காமல் எழுதியிருந்தாள்: “கடைக்காரர் கொடியவர் இல்லை. கல் குரங்குக்குப் பக்கத்தில் விழுந்தது என்று கதையில் இருக்கிறது. விரட்டத்தான் எறிந்தார்.” வாசித்ததும் உன்னைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் என்று வாசல்வரை போய்விட்டேன் குழலி.

தலைமையாசிரியை குறுக்கே ஒரு சிவப்புக் கோடு இழுத்தார். கடைக்காரர் கொடியவர் என்று பக்கம் நிறைய எழுத வைத்தார். கடைக்காரர் மகளை. அவள் அழவில்லை. பென்சில் முனைதான் ஒடிந்துகொண்டே இருந்தது.

நேற்றுக் காலை அவள் அப்பா வந்தார். சாரலில் நனைந்து, வாசலிலேயே நின்றார். கையில் ஒரு பை ரம்புட்டான்.

“டீச்சர், எம்மவ ஏதோ தப்பா எழுதிட்டாளாமே. எனக்கு எழுத்தெல்லாம் தெரியாது. இனிமே போர்டுல உள்ளத மட்டும் எழுதச் சொல்லுதேன். மனசுல வச்சுக்கிடாதீங்க.”

பழக்கடைக்காரன் கொடியவன் இல்லை என்று மகள் எழுதியதற்கு, பழக்கடைக்காரர் வந்து மன்னிப்புக் கேட்கிறார். நேராக வகுப்புக்குள் போய் மாலையைக் கழற்றினேன், பல்பைப் பிடுங்கினேன், உன்னைத் தூக்கி ஜன்னலுக்கு மேலே ஆணியில் மாட்டினேன். “ஏட்டி முப்பிடாதி, வந்து உக்காரு. நீதான் கடைக்காரர்” என்றேன்.

உட்கார்ந்தாள். முதலில் உன் படத்தைத்தான் பார்த்தாள். பிறகு சரியாகச் சாய்ந்துகொண்டாள்.

“கல்ல எதுக்கு எறிஞ்சீங்க?” என்றான் ஒருவன்.

“பயந்து ஓடத்தான். மேல பட்டா வலிக்கும்லா.” விரலை வைத்து வரியைக் காட்டினாள்.

கடைசி பெஞ்சிலிருந்து பாத்திமா எழுந்தாள். “குட்டிக்குப் பசின்னு கதையில இருக்கே. ஒரு பழம் குடுத்திருக்கலாம்லா?”

முப்பிடாதி திரும்பவும் வரி வரியாக விரலை ஓட்டிப் பார்த்தாள். “குடுத்திருக்கலாம். நான் கடையத்தான் பாத்தேன், குட்டியப் பாக்கல” என்றாள். இறங்கிப் போய் அதையும் நோட்டில் எழுதினாள். கொடியவரும் இல்லை, நல்லவரும் இல்லை, ஒரு மனுஷன் வந்துவிட்டான் அந்தப் பக்கத்தில்.

அப்போதுதான் தலைமையாசிரியை வந்தார். “என்ன டீச்சர் இது? செத்துப் போனவளுக்கு ஒரு மரியாத வேண்டாமா? நீங்கல்லாம் ஒரு குடும்பமா?” இன்று அறைக்குக் கூப்பிட்டு, படத்தைத் திரும்ப நாற்காலியில் வைக்காவிட்டால் வகுப்பை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்றார். வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது முப்பிடாதி ஓடி வந்தாள். “டீச்சர், நாளைக்கு நான் குழலி டீச்சரா உக்காரட்டா?”

பிள்ளைகள் உன்னைக் கும்பிட்டது போதும் என்று நினைத்துவிட்டார்கள். உன்னிடம் கேட்க வேண்டியது அவர்களிடம் நிறைய இருக்கிறது. என்னிடமும் ஒரு கேள்வி இருக்கிறது. உன் அண்ணனுக்கும் அதே கேள்விதான். அவர் பேசாமல் படுத்திருப்பது படத்துக்காக இல்லை.

வகுப்பைப் பிடுங்குவதானால் பிடுங்கட்டும். அதுவரை அந்த நாற்காலியில் படம் உட்காராது, பிள்ளைகள்தான் உட்காருவார்கள். இது சத்தியம். நாளைக்கு முப்பிடாதி நீயாக உட்காருவாள். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து முதல் ஆளாகக் கை தூக்குவேன். உன்னைக் கொண்டுபோன அந்தக் காய்ச்சல் கொதிக்கக் கொதிக்க மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஏன்டி பள்ளிக்கூடம் வந்தாய்? மதினியிடம் ஒரு வார்த்தை சொன்னால் என்ன?

பதில் கதையில் இருக்க வேண்டும், விரலை வைத்துக் காட்ட வேண்டும். நீ போட்ட சட்டம்தான். நானும் தேடிக்கொண்டேதான் இருக்கிறேன், எனக்கு அந்த வரி இன்னும் கிடைக்கவில்லை.

கோபம் ஆறாத,
உன் மதினி