நல்லா இருக்குங்க, சேர்த்துட்டேன்

ஜூன் 8, 2025, ஞாயிறு

இன்றைக்குப் பதினோரு பேர். நண்பன் காளிதாஸின் பேட்டரிக் கடை மாடியில் பன்னிரண்டு நாற்காலி போட்டிருந்தோம். சாப்பாட்டுக்கு இறங்கியவர்களில் ஐந்து பேர் திரும்பி ஏறவில்லை. வழக்கம்தான்.

மூன்று வருடமாக மாதம் ஒரு ஞாயிறு இதைச் செய்கிறேன். லாரி ஓட்டும் ஒரு கேம். சங்ககிரியில் லோடு ஏற்றி நாக்பூர் போக வேண்டும். வழியில் டோல்கேட், பஞ்சர் எல்லாம் உண்டு. ஓப்பன் சோர்ஸ். நிரல் எல்லாருக்கும் திறந்திருக்கிறது. யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றி அனுப்பலாம், நான் பார்த்துச் சேர்ப்பேன். புதிதாக நிரல் எழுத வருகிறவர்கள் இதில் கை பழக வேண்டும் என்பதுதான் நோக்கம். கேம் ஒரு சாக்கு.

இதுவரை வந்தவர்கள் நாற்பத்து மூன்று பேர். இன்றைக்கும் நிலைத்திருப்பவர் — நான் ஒருவன். ஆள் சேர்க்க ஆரம்பித்த வேலையில் ஆரம்பித்தவன் மட்டும் மிச்சம்.

டிசம்பர் வரைக்கும் பார்ப்பது. என்னைத் தவிர ஒரே ஒருவராவது நின்றால் தொடர்வது, இல்லையென்றால் மூடிவிடுவது. பெங்களூர் கம்பெனி வேலையை வீட்டிலிருந்து பார்க்கிறேன். இந்த ஊரில் என் வேலையைப் பற்றிப் பேச ஒரு ஆள் இல்லை. அதற்குத்தான் இத்தனையும் என்று காளிதாஸிடம்கூடச் சொன்னதில்லை.

ஜூன் 11

வாட்ஸ்அப் குழுவில் நான்கு 'சூப்பர்', இரண்டு கும்பிடு. மாற்றம் ஒன்றும் வரவில்லை.

ஜூன் 19

ஒன்று வந்தது! பிரவீனா. எட்டாம் தேதி ஜன்னலோரம் உட்கார்ந்து கடைசிவரை இருந்தவர். லாரி புக்கிங் ஆபீஸில் வேலை, முப்பதைத் தாண்டியிருக்கும். லாரி எந்த ஊரைக் கடக்கிறதோ அந்த ஊர்ப்பெயர் திரையில் தெரிகிற மாதிரி எழுதியிருக்கிறார். வேலை செய்கிறது. ஆனால் ஒரே வரியைப் பதினெட்டு முறை எழுதியிருக்கிறார்.

"நல்லா இருக்குங்க, சேர்த்துட்டேன்" என்று பதில் போட்டேன். பிறகு அரை மணி நேரம் உட்கார்ந்து முழுவதையும் மாற்றி எழுதினேன். எழுதியவர் என்ற இடத்தில் பிரவீனா பெயரையே போட்டேன். எல்லாருக்கும் இப்படித்தான் செய்வது. பந்தியில் உப்புக் குறைந்தாலும் 'சாப்பாடு பிரமாதமுங்க' என்று சொல்லிவிட்டுக் கை கழுவுகிற ஊர் இது. முதல் முறை அனுப்புகிறவரிடம், அதுவும் எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில், இது சரியில்லை என்று எழுத எனக்குக் கை வராது. அவர்களுக்கும் சந்தோஷம், நிரலும் சுத்தம்.

ஜூலை 13, ஞாயிறு

ஆறு பேர். பிரவீனா வந்தார். இன்றைக்கு நிரலின் வரலாற்றைப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தேன். எந்த வரியை, யார், எந்த நாளில், எத்தனை மணிக்கு எழுதினார் என்பதெல்லாம் அப்படியே இருக்கும், எதுவும் அழியாது. "எங்க ஆபீஸ் ட்ரிப் ஷீட்டாட்டம் இருக்குதுங்க" என்று நோட்டில் எழுதிக்கொண்டார். நல்ல வகுப்பு. எனக்கே திருப்தி.

ஜூலை 29

காலையில் பிரவீனாவிடமிருந்து ஐந்தாவது மாற்றம். பெரியது. ரிட்டன் லோடு, அதாவது ஊர் திரும்பும்போது ஏற்றிவரும் சரக்கு. நாக்பூரில் சரக்கை இறக்கியதும் கேமில் அடுத்த லோடு உடனே கிடைத்துவிடும். இவர் அப்படி விடவில்லை. டிரைவர் காத்திருக்கிறார். ஒரு நாள், இரண்டு நாள். லாரிக்கடியில் சோறாக்குகிறார், துணி துவைக்கிறார், புக்கிங் ஆபீஸுக்குப் போன் போட்டு "லோடு ஆச்சுங்களா?" என்று கேட்கிறார்.

இந்த யோசனை எனக்குத் தோன்றியிருக்காது. ஆனால் நிரல் முழுக்க ஒட்டுப்போட்டது, நடுவில் நின்றும் போகிறது. தவிர, அந்தக் காத்திருப்புக்கு அவர் வைத்த நான்கு நிமிடமும் யார் சும்மா உட்கார்ந்திருப்பார்கள்? பத்து விநாடியாகக் குறைத்தேன். மற்றதையும் சாயங்காலத்துக்குள் மாற்றி எழுதி அவர் பெயரில் போட்டேன். நல்லா இருக்குங்க, சேர்த்துட்டேன்.

நிற்கப்போகிற ஆள் இவர்தான் என்று நினைக்கிறேன். எழுதவே பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 3

ஆடிப் பதினெட்டு. குடும்பத்தோடு காவிரிக்குப் போய் வந்தோம். கம்ப்யூட்டரைத் திறக்கவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

ஏழு பேர் வந்திருந்தார்கள். பிரவீனா லேப்டாப்பைத் திறந்து என் பக்கம் திருப்பினார்.

"ஏனுங்ணா, இருபத்தொம்பதாந் தேதி சாயங்காலம் அஞ்சேகாலுக்கு நான் ஆபீஸ்ல ட்ரிப் ஷீட் எழுதிட்டிருந்தேனுங்க. அதே நேரத்துல இங்க இருநூறு வரி எழுதியிருக்கறனாமா?"

"சின்னச் சின்னத் திருத்தமுங்க" என்றேன்.

"அஞ்சுலயும் நான் எழுதுன வரி ஒண்ணுகூட இல்லீங்க. எண்ணிப் பாத்துட்டேன். ஊட்லயும் ஆபீஸ்லயும் கேமைக் காட்டி, நான் எழுதுனதுன்னு சொல்லிட்டுத் திரிஞ்சேனுங்க." குரல் உயரவே இல்லை. "தப்புன்னா தப்புன்னு சொல்லியிருந்தா கத்துக்கிட்டிருப்பேன். நல்லா இருக்குதுன்னு சொல்லிப்போட்டு அழிச்சிருக்கீங்க. காத்திருக்கறதையும் எடுத்துப்போட்டீங்க. லாரித் தொழில்ல பாதி அதுதானுங்க."

லேப்டாப்பை மூடிப் பையில் வைத்தார். "வாரேனுங்க" என்றார். டீ அப்போதுதான் வந்தது. மற்ற ஆறு பேரும் அவரவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆகஸ்ட் 11

மரியாதைக்குத்தானே செஞ்சேன்? அவங்க மனசு நோகக் கூடாதுன்னுதானே? — இல்லை. பொய். மூஞ்சிக்கு நேரா சொல்றதுக்குப் பயம் எனக்கு. அந்தப் பயத்துக்கு மரியாதைன்னு பேரு வெச்சுக்கிட்டேன். அதோட, நானே எழுதினாத்தான் எனக்குப் பிடிக்கும். அதையும் ஒத்துக்கத்தானே வேணும்.

நாற்பத்து மூணு பேரு. அதுல அனுப்புனவங்க ஒவ்வொருத்தருக்கும் இதையேதானே செஞ்சிருக்கேன்?

ஆகஸ்ட் 17

பெட்ரோல் பங்கில் பூபதியைப் பார்த்தேன். லேத் பட்டறை வைத்திருக்கிறார். போன வருடம் மூன்று மாதம் வந்து நின்றுபோனவர். ஏன் நின்றீர்கள் என்று இதுவரை யாரையும் நான் கேட்டதில்லை. கேட்டேன்.

"வேலை சாஸ்திங்க" என்று சிரித்து மழுப்பினார். நான் நகரவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

"நான் அனுப்புனாலும் அனுப்பலைன்னாலும் கேம் ஒரே மாதிரிதானுங்க ஓடுச்சு. அப்பறம் நான் எதுக்குங்க?"

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஆகஸ்ட் 24

பிரவீனாவின் ஐந்து மாற்றங்களிலும் நான் செய்ததை எடுத்துவிட்டேன். அவர் எழுதியது இப்போது எழுதியபடியே இருக்கிறது. நாக்பூரில் கேம் நின்றுவிடுகிறது. நிற்கட்டும்.

பிறகு ரிட்டன் லோடு நிரலில் உள்ள ஒன்பது குறைகளை எல்லாரும் பார்க்கிற பக்கத்திலேயே எழுதினேன். எந்த வரி, என்ன தவறு, ஏன் தவறு. 'நல்லா இருக்குங்க' எங்கேயும் இல்லை. கடைசியில்: 'இதைச் சொல்லாமல் அழித்தது என் தவறு. அவர் பெயரில் நான் எழுதியது அதைவிடப் பெரிய தவறு. காத்திருக்கும் நேரம் அவர் வைத்தபடியே இருக்க வேண்டும்.' அனுப்புவதற்குள் மூன்று முறை எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

செப்டம்பர் 2

பதில் இல்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

ஒரே ஒருவர் வந்தார். மதியத்தோடு கிளம்பிவிட்டார். காளிதாஸ் கடையிலிருந்து மேலே ஏறி வந்தான்.

"டேய் தனபாலு, கேம் நாக்பூர்ல நிக்குதுன்னு மூணு பேரு என்கிட்ட கேட்டுட்டாங்க. பத்து நிமிச வேலைதான? சரி பண்ணிப்போடு."

ஏழு நிமிட வேலை. எந்த வரி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

"அது அவங்க வேலை" என்றேன்.

"அவங்கதான் வாரதே இல்லையே."

சாயங்காலம் வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இவ்வளவு கஷ்டமான வேலையை இந்த மூன்று வருடத்தில் நான் செய்ததில்லை.

அக்டோபர் 1

ஆயுத பூஜை. ஊரெல்லாம் லாரிகளில் வாழைக்கன்று, மாலை. என் லேப்டாப்புக்கும் வீட்டில் சந்தனம் வைத்தார்கள். பிரவீனாவின் ஆபீஸ் வழியாகத்தான் போனேன். உள்ளே போகவில்லை. போய் நின்றால் அவரால் வர மாட்டேன் என்று சொல்ல முடியாது. அவரும் இந்த ஊர்தானே.

அக்டோபர் 7

பிரவீனாவின் பதில். ஒன்பது குறைகளுக்கும்.

'நீங்க சொன்னதுல ஏழு சரிங்க, திருத்தி அனுப்பியிருக்கேன். நாலாவது புரியலை, விளக்குங்க. ஆறாவது தப்பு உங்களோடது. லோடு கிடைக்கலைன்னா டிரைவர் காலியா ஊருக்குத் திரும்ப மாட்டாரு, பக்கத்து ஊருக்குப் போயிக் கேப்பாரு. கேமை ஓட்டிப் பாருங்க.'

ஓட்டிப் பார்த்தேன். ஆறாவது என் தப்புதான். நாலாவதை விளக்கி ஒரு பக்கம் எழுதினேன். கேம் நாக்பூரில் நிற்கவில்லை. நான்தான் நான்கு நிமிடம் காத்திருந்தேன். லாரிக்கடியில் சோறு வெந்தது. ரொம்பச் சந்தோஷமாக இருந்தது, அதையும் எழுதிவைக்கிறேன்.

நவம்பர் 9, ஞாயிறு

எட்டு பேர். பூபதி வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார். மாற்றங்களைச் சேர்க்கும் அனுமதியைப் பிரவீனாவுக்கும் கொடுத்தேன். இனி அவர் பார்க்காமல் நான் எதையும் சேர்க்க முடியாது, நான் பார்க்காமல் அவரும் முடியாது.

"அப்ப மூஞ்சிக்கு நேரா சொல்லோணுமுங்க" என்றார்.

"சொல்லுங்க."

"உங்களையுந்தானுங்ணா."

டிசம்பர் 18

கேமில் மழை பெய்ய வைக்கும் என் மாற்றத்தைத் திங்கட்கிழமை அனுப்பியிருந்தேன். பதினோரு நாள் உழைப்பு. தூறல் விழ ஆரம்பித்ததும் லாரியின் கண்ணாடியில் நீர் வழிகிற அழகை நானே பத்துத் தரம் ஓட்டிப் பார்த்திருப்பேன்.

இன்று சாயங்காலம் பிரவீனாவின் பதில்:

'இதைச் சேர்க்க முடியாதுங்ணா. மழை வந்தப்பறம் டிரைவர் எறங்கித் தார்ப்பாய் போடற மாதிரி எழுதியிருக்கீங்க. அதுக்குள்ள சிமெண்ட் மூட்டை நனைஞ்சு கல்லாயிரும். மேகம் கறுக்கையிலயே போடோணும். நாற்பதாவது வரிக்குக் கீழ எனக்கே புரியலை, புதுசா வாரவங்களுக்கு எப்படிப் புரியும்? திருத்தி அனுப்புங்க. நான் எதையும் தொடலை.'

அதன் கீழே பூபதி: 'கண்ணாடித் தண்ணி நல்லா இருக்குங்க. மத்ததெல்லாம் அக்கா சொன்னதுதான்.'

முதல் தரம் படித்தபோது கோபம் வந்தது. இரண்டாம் தரம் படித்தபோது அவ்வளவாக இல்லை. ஜனவரிக்கும் மாடி வேண்டுமா என்று காளிதாஸ் போனில் கேட்டான், வேண்டும் என்றேன்.

தார்ப்பாயைச் சரிசெய்துவிட்டேன். நாற்பதாவது வரிக்குக் கீழேதான் இன்னும் பாக்கி. சனிக்கிழமைக்குள் அனுப்பினால் ஞாயிறு பார்ப்பதாகப் பிரவீனா சொல்லியிருக்கிறார்.