மதகில் கொடுத்த சாவி

துடியலூர்,
18.3.1996

ஈரோட்டில் இருக்கும் மகன் கதிருக்கு, அப்பன் சுப்பையன் சொல்லி எழுதுவது.

நானும் உன் அம்மா பழனியாத்தாளும் உயிரோடு இருக்கிறோம். சுகம் என்று எழுதச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உன் சம்சாரம் கிருபாவும் குழந்தையும் சுகமாக இருக்கட்டும். அவர்கள் ஒரு தப்பும் செய்யவில்லை.

இந்தக் கடிதத்தை நம் ஊரில் எழுதவில்லை. துடியலூர் தபால் ஆபீஸ் வாசலில் மணியார்டர் பாரம் எழுதிக் கொடுக்கிற வெங்கடலட்சுமி அம்மணியிடம் சொல்லி எழுதுகிறேன். முதலில் நான் சொன்ன நாலு வார்த்தையை அவர் எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டார். "பெத்த புள்ளைக்கு இப்பிடி எழுதுனா என்ற கை அழுகிப்போயிருமுங்க" என்றார். ஆகையால் அந்த நாலு வார்த்தையை நீயே நினைத்துக்கொள். உனக்குத் தெரியும்.

நீ எனக்கு எழுதிய கடிதத்தில், வருகிற புதன்கிழமைக்கு அடுத்த புதன் மாரியம்மன் நோம்பிக்கு வண்டியோடு வருகிறேன், அம்மாவை மாவிளக்குக்கு மாவு இடித்து வைக்கச் சொல்லுங்கள் என்று மட்டும்தான் இருந்தது. கோயில் கமிட்டிக்கு நீ தனியாகப் போட்ட கார்டைப் பற்றி அதில் ஒரு எழுத்தும் இல்லை. அப்பனுக்குப் படிக்கத் தெரியாது, கார்டு யார் கைக்குப் போனாலும் அவனுக்குத் தெரியவா போகிறது என்று நினைத்துவிட்டாய்.

வியாழக்கிழமை காலையில் டீக்கடை முன்னால் பதினைந்து பேர் இருந்தார்கள். கமிட்டித் தலைவன் காளிச்சாமி, யாருடைய தென்னந்தோப்பில் நானும் என் அப்பனும் உன் அம்மாவும் முதுகு ஒடித்தோமோ அந்தக் காளிச்சாமி, பைக்குள்ளிருந்து உன் கார்டை எடுத்தான். "ஏப்பா சுப்பா, உம்மவன் காயிதம் போட்டிருக்கான், படிக்கட்டுமா?" என்று கேட்டான். எனக்குக் கொடுப்பது மாதிரி கையை நீட்டி, பிறகு சிரித்துக்கொண்டே மடக்கிக்கொண்டான். அப்புறம் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி படித்தான். தீர்த்தம் எடுத்துவர வண்டி தருகிறேன், போன வருஷம் மாதிரியே மதகில் சாவியைக் கொடுத்துவிடுகிறேன், நீங்கள் ஒன்றும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று நீ எழுதியிருந்தாய்.

இன்னொரு தரம் படிக்கச் சொன்னேன். படித்தான். "அடக்கமான பையன் சுப்பா. ஈரோடு போயும் பழசை மறக்கலையே" என்றான். பதினைந்து பேரும் தலையை ஆட்டினார்கள். எனக்கு வாங்கிய டீயை அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

கதிர், போன வருஷம் நடந்தது எனக்குத் தெரியாது என்று நீ ஒரு வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். எனக்கு அன்றைக்கே தெரியும். நீயாகச் சொல்வாய் என்று தைப் பொங்கல் வரைக்கும் பார்த்தேன். நீ சொல்லவில்லை.

அந்த வண்டி வந்த நாளிலிருந்து சொல்கிறேன். பிக்கப் வண்டியைக் கம்பெனியிலிருந்து ஓட்டி வந்தபோது அதில் இடுப்பு உயரத்துக்குத் தகடுதான் இருந்தது. அதை வைத்துக்கொண்டு தேங்காய் ஏற்ற முடியாது என்று லேத்துப் பட்டறையில் மூன்று நாள் கிடந்தோம். ஆங்கிள் வைத்து உயர்த்தினோம், பலகை அடித்தோம், கயிறு மாட்டப் பக்கத்துக்கு எட்டுக் கொக்கி வைத்தோம், பாரம் தாங்கப் பின்பக்க ஸ்பிரிங் பட்டைக் கட்டில் கூட இரண்டு பட்டை சேர்த்தோம். படுதா போடக் குழாய் வளைத்தவன் ஒரு பக்கம் சாய்த்து வளைத்துவிட்டான் என்று நீ அவனோடு மல்லுக்கு நின்றாய். வண்டி விஷயத்தில் ஒரு விரற்கடை கோணல் பொறுக்காதவன் நீ. அதை வைத்துத்தான் கேட்கிறேன், உனக்கு நடந்த கோணலை எப்படிப் பொறுத்தாய்?

அந்த வண்டி நம் வளவுத் தெருவுக்கு இன்றுவரை இட்டேரி வழியாகத்தான் வந்து போனது. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் ஒரு வண்டி போகிற தடம், மழை பெய்தால் சேறு. முள் கீறாத இடம் வண்டியில் இல்லை. கண்ணாடி மூன்று தரம் உடைந்தது. கோயில் வீதியில் திரும்பினால் நேராக வீட்டுக்கு வரலாம். யாரும் நம்மை வராதே என்று சொல்லவில்லை. நாமும் போகவில்லை. அதனால்தான் போன வருஷம் கமிட்டிக்காரர்கள் உன் வண்டியில் தீர்த்தம் வரட்டும் என்று கேட்டபோது நான் பச்சைப் பிள்ளை மாதிரி சந்தோஷப்பட்டேன். நம் வண்டி, நம் பையன் ஓட்டி, கோயில் வீதியில் போகும் என்று நினைத்தேன். வேட்டியைச் சோடா உப்பில் ஊறவைத்துத் துவைத்துக் கட்டிக்கொண்டு, வீதி ஆரம்பிக்கிற மதகுக்குப் பக்கத்தில், கூட்டத்துக்குப் பின்னால் வந்து நின்றேன்.

மேட்டுப்பாளையத்திலிருந்து பவானித் தண்ணீரோடு நீ வந்து சேர்ந்தபோது உச்சி வெயில். மேளச் சத்தத்தில் வண்டிச் சத்தம் கேட்கவில்லை. மதகில் வண்டி நின்றது. கூட்டம் மறைத்துக்கொண்டது. திரும்பக் கிளம்பியபோது கியர் கரகரவென்று கடித்தது. உன் கையில் அந்த வண்டி ஒரு நாளும் அப்படிக் கத்தினது கிடையாது. ஓட்டுவது வேறு ஆள் என்று எனக்குப் பார்க்கும் முன்பே தெரிந்துபோனது. தலையை எக்கிப் பார்த்தேன். உன் சீட்டில் காளிச்சாமி மகன். இருபது தீர்த்தக் குடமும் மாலை போட்டுப் போகின்றன. அதற்குப் பின்னால் என் மகன், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, தன் வண்டிப் புகையை மூஞ்சியில் வாங்கிக்கொண்டு நடக்கிறான்.

வீட்டுக்கு வந்து, கிளட்ச் கருகின வாடை வருகிறதே என்று கேட்டேன். மேட்டில் பாரம் இழுத்ததால் வருகிறது என்றாய். நாற்பது மூட்டை மஞ்சள் இழுக்கிற வண்டிக்கு இருபது குடம் தண்ணீர் பாரமா? என் கண்ணைப் பார்த்துச் சொன்னாய். காளிச்சாமி மேல் வந்த கோபத்தைவிட அதுதான் எனக்குப் பெரிசாக இருந்தது.

நானும் அந்த வீதியில் வண்டி ஓட்டியவன்தான். காளிச்சாமியின் அப்பன் காலத்தில் இருபத்திரண்டு வருஷம். மதகு வந்தால் வண்டி முகப்பிலிருந்து குதித்து, மாட்டுக்குப் பக்கத்தில் நடந்து போக வேண்டும். வீதி தாண்டினால் ஏறிக்கொள்ளலாம். மதகிலிருந்து கோயில் வாசல் முந்நூற்றுப் பன்னிரண்டு காலடி. எனக்குப் படிக்கத்தான் தெரியாது. ஒரு தரம் காய்ச்சலில் நடக்க முடியாமல் ஏர்க்காலில் உட்கார்ந்துவிட்டேன். அதற்கு என்னைக் கோயில் வாசலில் நிற்கவைத்து, என் அப்பனைவிட்டே என்னை அடிக்கச் சொன்னார்கள். அவர் அடித்தார். அழுதுகொண்டே அடித்தார். இத்தனை நாள் இதை உனக்குச் சொல்லவில்லை. அது என் வண்டி இல்லை, என் மாடு இல்லை, இறங்கு என்றால் இறங்க வேண்டியதுதான். நீ யாருடைய வண்டியிலிருந்து இறங்கினாய்?

துடியலூர் பஷீர் பாயைப் பார்த்துவிட்டுத்தான் இங்கே வந்தேன். உனக்கு முந்தின வருஷம் அவர் வண்டியில்தான் தீர்த்தம் வந்தது. மதகில் யாரிடம் சாவி கொடுத்தீர்கள் என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. "நா எதுக்குங்க சாவி குடுக்கறேன்? கோயில் வாசல் வரைக்கும் நாந்தான் ஓட்டுனேன். எறக்கி வெச்சதும் எளநி வெட்டிக் குடுத்து, தோள்ல துண்டு போட்டு அனுப்புனாங்க" என்றார். சொல்லிக்கொண்டே வந்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார். சாமி காரியம், வேறு ஆள் ஓட்டக் கூடாது என்று மதகில் உன்னிடம் சொன்னார்களாமே, அந்தச் சாமிக்குப் பாய் ஓட்டியது ஆகிவிட்டது. நீ ஓட்டினால்தான் ஆகாது. வெள்ளிக்கிழமை கமிட்டியில் இருந்து அவரைத் திரும்பவும் கேட்டு ஆள் வந்ததாம். இஞ்சினை இறக்கி வைத்திருக்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார். நான் பேசிக்கொண்டிருந்தபோது அந்த இஞ்சின் வாசலில் ஓடிக்கொண்டிருந்தது.

பாயை எதற்குக் கேட்டார்கள் என்றால், வியாழக்கிழமை மத்தியானமே நான் காளிச்சாமி வீட்டு வாசலுக்குப் போய், வண்டி வராது என்று சொல்லிவிட்டேன். கதிர் ஓட்டினால் வரும், இல்லாவிட்டால் வராது என்றேன். "வண்டிக்காரன் சரிங்கறான், நடுவுல நீ யாருடா?" என்றான். அவன் அப்பனுங்க என்றேன். அவன் மகன் உள்ளிருந்து, "அப்ப நீயே ஓட்டு தாத்தா, ஹை ஹைன்னு சொன்னா ஓடுமா பாரு" என்று சத்தம் போட்டான். நான் அசையவில்லை. கடைசியில் காளிச்சாமி, தோப்பு லோடு ஒன்றுகூட இனி உங்களுக்கு இல்லை, உன் பொண்டாட்டியும் நாளையிலிருந்து தோப்புப் பக்கம் வரவேண்டாம் என்று சொன்னான். உன் அம்மாவிடம் வந்து சொன்னேன். ஊரைப் பகைத்துவிட்டாயே என்று அழுவாள் என்றுதான் நினைத்தேன். "போன வேல போகுது, இடுப்பாச்சும் நிமிரட்டும்" என்று சொல்லிவிட்டுச் சோறு போட்டாள்.

நீ எழுதியதற்கு அடியில், உனக்குத் தெரியுமோ என்னவோ, கிருபா நாலு வரி சேர்த்திருந்தாள்; அம்மணிதான் படித்துச் சொன்னார். நீங்களும் அத்தையும் அந்த ஊரில் இருக்க வேண்டுமே என்றுதான் அவர் போன வருஷம் இறங்கினார் மாமா, அவரைத் திட்டாதீர்கள் என்று. அவளுக்காவது உண்மையைச் சொல்லியிருக்கிறாய். கேள், கதிர். எனக்காக நீ இறங்கினது போதும். எங்களுக்கு ஆகிற கெடுதலை எங்களுக்குப் பட்டுக்கொள்ளத் தெரியும். என் தலையில் உன் பயத்தை ஏற்றாதே. அந்தப் பாரத்துக்கு என்னிடம் பட்டை கிடையாது.

இன்னும் ஒன்றைச் சொல்லாவிட்டால் நானும் உன்னைப் போலப் பொய்க்காரன் ஆவேன். அன்றைக்கு நம் வண்டி என்னைத் தாண்டிப் போனபோது நான் என்ன செய்தேன் தெரியுமா? கீழே குனிந்து பார்த்தால் என் தோளில் கிடந்த துண்டு கையில் இருந்தது. எப்போது எடுத்தேன் என்று எனக்கே தெரியாது. என் மகன் வண்டிக்கு, என் கையால் பலகை அடித்த வண்டிக்கு, உள்ளே உட்கார்ந்திருந்த முகத்தைப் பார்த்து நான் துண்டை எடுத்துவிட்டேன். உன்னை எத்தனை திட்டினாலும் ஒரு வருஷமாக எனக்குத் தூக்கம் வராததற்குக் காரணம் அதுதான். இதை எழுதும்போது அம்மணி பேனாவை வைத்துவிட்டார். எழுதுங்கள் என்று சொல்லி எழுதவைத்திருக்கிறேன்.

ஆகையால் முடிவாகச் சொல்கிறேன். வரப் பயமாக இருந்தால் வண்டியை ஈரோட்டிலேயே நிறுத்திவிட்டு, கிருபாவையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு காந்திபுரம் வந்து பஸ் மாறி வா. சோறு இருக்கும். நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன், பேசவும் மாட்டேன். வண்டியோடு வந்தால் மதகில் நான் நின்றுகொண்டிருப்பேன். கூட்டத்துக்குப் பின்னால் இல்லை, தடத்தில். சாவி கைமாறினால் நான் அங்கேயே வண்டிக்கு முன்னால் படுத்துக்கொள்வேன். காளிச்சாமி மகன் என் மேல் ஏற்றிக்கொண்டு தீர்த்தம் கொண்டுபோகட்டும். அப்புறம் நீ பின்னால் நடந்து வா.

நீ சீட்டைவிட்டு இறங்காமல் இருந்தால், அவர்கள் என்ன சத்தம் போட்டாலும் இஞ்சினை அணைக்காதே. மேளக்காரர்கள் நின்றுவிட்டாலும் நில்லாதே. முதல் கியரிலேயே மெதுவாக வா. மஞ்சள் லோடு ராவில் ஏற்ற வேண்டாம், கண் விழித்து ஓட்டாதே, குழந்தைக்கு வேர்க்குரு இருந்தால் வெந்நீர் ஊற்ற வேண்டாம் என்று அம்மா சொல்லச் சொன்னாள். மாரியாத்தாள் உன் கையைத் திடமாக வைக்கட்டும்.

மதகில் என்னைக் கண்டதும் ஹாரன் அடிக்க வேண்டாம். இடது பக்கக் கதவை உள்ளிருந்து திறந்துவிடு. நான் ஏறிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பன்
சுப்பையன்
(இடது கைப் பெருவிரல் ரேகை)